பழுதான ஃபிரேமை எந்தக் கணக்கில் எழுதுவது?

செஞ்சியில் படித்து, லினக்ஸுக்கு நெட்வொர்க் டிரைவர் எழுதத் தொடங்கியிருக்கும் தம்பிக்கு,

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை மூட்டையாக நெல் வருவது உனக்குத் தெரியும். அங்கே பதரை நெல்லோடு சேர்த்து எடை போட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஈத்தர்நெட் கார்டுக்கு வந்து சேரும் ஃபிரேம்களிலும் அந்தக் கறார் வேண்டும்.

கெர்னலின் விதி தெளிவாகவே இருக்கிறது. பெற்ற பாக்கெட், பெற்ற பைட் ஆகிய இரண்டிலும் நல்ல ஃபிரேம்கள் மட்டுமே சேரும். பைட் கணக்கில் ஃபிரேமின் கடைசி 4 பைட் சரிபார்ப்பு எண்ணான சிஆர்சியும் சேராது. நீளம் தவறியது, சிஆர்சி பொருந்தாதது போன்றவற்றுக்குத் தனித்தனி எண்ணிகள் உண்டு. பிழை மொத்தத்துக்குள் அவை எல்லாம் அடங்கும். கார்டில் இடமில்லாமல் தவறிய நல்ல ஃபிரேமுக்கு 'மிஸ்டு' என்று வேறொரு எண்ணி இருக்கிறது.

டிரைவர் எழுதுபவர்கள் வழுக்குவது சிப்பின் பதிவேட்டில்தான். 2000-இல் வந்த ஆர்எஃப்சி 2819, அதாவது ஆர்மான் தரம், மொத்த பாக்கெட்டில் பழுதானவற்றையும் சேர்த்தே எண்ணச் சொல்கிறது. அந்த வழியில் எண்ணும் பதிவேட்டை அப்படியே எடுத்துக் கெர்னலுக்குக் கொடுத்தால், கெட்டது நல்லதாகிவிடும். ஆகவே சிப்பின் கையேட்டில் ஒவ்வொரு எண்ணியும் எதைச் சேர்க்கிறது, எதை விடுகிறது என்பதை வரிவரியாகப் படி. 32 பிட் பைட் எண்ணி, 1 ஜிகாபிட் வேகத்தில் சுமார் 34 நொடியில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அதற்குமுன் படித்து 64 பிட்டில் கூட்டி வை.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு?

பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழை கொண்டுபோகப்படுகிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. அப்படியொரு மழைக்குப் பிறகு ஊராட்சி அலுவலகத்தில் இணையம் திணறினால், பழுது பார்க்க வருபவருக்கு இந்த எண்கள்தான் வழிகாட்டி. சிஆர்சி ஏறினால் கேபிளையும் கனெக்டரையும் இணைப்பையும் பார்ப்பார். மிஸ்டு ஏறினால் கம்பி நன்றாக இருக்கிறது, கணினிதான் ஈடுகொடுக்கவில்லை. டிரைவர் இரண்டையும் ஒரே எண்ணில் கொட்டிவிட்டால், அந்த மனிதர் வீணாகக் கம்பம் கம்பமாக ஏறி இறங்குவார். அவருடைய ஒரு நாள் உழைப்பு உன் ஒரு வரி நிரலில் இருக்கிறது.

டிரைவரை அனுப்பிவைக்கும் முன் ஒரு சோதனை செய். வேறு போக்குவரத்து இல்லாத இணைப்பில், வேண்டுமென்றே சிஆர்சி கெடுத்த 100 ஃபிரேம்களை மட்டும் அனுப்பு. பிழை மொத்தம் 100 கூட வேண்டும். சிஆர்சி எண்ணியும் 100 கூட வேண்டும். பாக்கெட்டும் பைட்டும் அசையக் கூடாது. அடுத்து ஏற்பு வரிசையைச் சுருக்கிவைத்து நல்ல ஃபிரேம்களை வெள்ளமாக அனுப்பு. இந்த முறை மிஸ்டு ஏற வேண்டும், சிஆர்சி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.