செயலியைக் கேட்டு வேலை கொடுக்கும் மென்பொருள்

ஆய்வகத்தில் இருபது கணினிகள். எல்லாவற்றிலும் ஒரே மென்பொருளை நிறுவுகிறோம். பதினெட்டில் ஓடுகிறது. இரண்டில் மட்டும் திறந்தவுடன் மூடிக்கொள்கிறது. திரையில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று ஒரு வரி. 'பழுது' என்று எழுதி அவற்றை ஓரமாக வைத்துவிடுவது எளிது. ஆனால் அவற்றில் எந்தப் பழுதும் இல்லாமலே இப்படி நடக்கலாம். ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், மேல்நிலை வகுப்புக்கு ஒரு நல்ல பாடமும் கிடைக்கும்.

செயலிக்கு என்ன தெரியும்?

ஒவ்வொரு செயலிக்கும் தனக்குப் புரியும் கட்டளைகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதுவே கட்டளைத் தொகுதி. நம் மேசைக் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது எக்ஸ்86 குடும்பச் செயலி. அதன் தொகுதியில் 1997இல் எம்.எம்.எக்ஸ், 1999இல் எஸ்.எஸ்.இ, 2011இல் ஏ.வி.எக்ஸ், 2013இல் ஏ.வி.எக்ஸ்-2 எனப் புதிய கட்டளைகள் சேர்ந்துகொண்டே வந்தன. ஒரே கட்டளையால் பல எண்களை ஒருசேரக் கையாளுவதே இவற்றின் பயன்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தலா 1600 எண்கள் கொண்ட இரண்டு பட்டியல்களைக் கூட்ட வேண்டும். ஒவ்வோர் எண்ணும் 32 பிட். ஒன்றொன்றாகக் கூட்டினால் 1600 கூட்டல் கட்டளைகள் தேவை. 128 பிட் பதிவகம் இருந்தால் ஒரு தடவைக்கு நான்கு எண்கள், ஆகவே 400 கட்டளைகள் போதும். 256 பிட் பதிவகத்தில் 200 போதும். நினைவகத்திலிருந்து எண்களை எடுத்துவரும் நேரமும் உண்டு என்பதால் வேகம் இதே விகிதத்தில் கூடாது. ஆனாலும் படம், ஒலி, பெரிய கணக்கீடு ஆகியவற்றில் வேறுபாடு நன்றாகத் தெரியும்.

புதிய கட்டளையை அறியாத செயலியிடம் அதைக் கொடுத்தால், செயலி அந்த இடத்திலேயே நின்றுவிடும். இயக்க அமைப்பு நிரலை மூடிவிடும். டென்சர்ஃப்ளோ என்னும் இயந்திரக் கற்றல் நூலகத்தின் 1.6 பதிப்பு 2018இல் வந்தபோது, ஆயத்த நிரல்கள் ஏ.வி.எக்ஸ் கட்டளைகளோடு தரப்பட்டன. அந்தக் கட்டளைகள் இல்லாத கணினிகளில் அது ஓடவில்லை.

பெயரைப் பார்த்து முடிவு செய்யலாமா?

'புதிய கணினி என்றால் எல்லாம் இருக்கும்' என்று மாணவர்கள் சொல்வார்கள். 2013இல் வந்த இன்டெல் கோர் ஐ-5 செயலிகளில் ஏ.வி.எக்ஸ்-2 உண்டு. அதே தலைமுறைச் செலரானில் ஏ.வி.எக்ஸ்கூட இல்லை. இன்டெல்லின் 11ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளில் இருந்த ஏ.வி.எக்ஸ்-512, 12ஆம் தலைமுறையில் விலக்கப்பட்டது. ஆண்டும் பெயரும் திறனைச் சொல்லிவிடாது.

இந்தப் பிழை பெரிய அளவிலும் நடந்துள்ளது. இன்டெல்லின் நிரல்பெயர்ப்பி உருவாக்கிய நிரல்கள், செயலியின் திறனோடு தயாரிப்பாளர் பெயரையும் பார்த்தன. பெயர் இன்டெல் இல்லையென்றால், அதே திறன் இருந்தும் மெதுவான வழியில் சென்றன. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2009இல் இன்டெல் மீது கொண்டுவந்த நடவடிக்கையில் இதுவும் இடம்பெற்றது. இந்த வேறுபாட்டை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2010இல் ஏற்பட்ட உடன்பாடு கூறியது.

சரியான வழி: நேராகக் கேட்பது

1993இல் வந்த பென்டியம் முதல், செயலியையே கேட்டறிய 'சி.பி.யு.ஐ.டி' என்ற கட்டளை இருக்கிறது. 0 என்ற எண்ணோடு கேட்டால், தயாரிப்பாளரைக் குறிக்கும் 12 எழுத்துகள் வரும். 1 என்ற எண்ணோடு கேட்டால், ஒவ்வொரு பிட்டும் ஒரு திறனைக் குறிக்கும் விடை வரும்: பிட் 1 என்றால் உண்டு, 0 என்றால் இல்லை. ஏ.வி.எக்ஸ்-2க்கு 7 என்ற எண்ணோடு கேட்க வேண்டும்.

இது மட்டும் போதாது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, அகலமான பதிவகங்களில் உள்ளதை இயக்க அமைப்பு பத்திரப்படுத்த வேண்டும். அதற்கு அது ஆயத்தமா என்பதையும் நூலகம் சரிபார்க்கும். செயலி, இயக்க அமைப்பு இரண்டும் 'ஆம்' என்றால்தான் வேகமான வழி.

நல்ல நூலகங்கள் ஒரே வேலைக்கு இரண்டு மூன்று வடிவங்களை வைத்திருக்கும். தொடக்கத்தில் ஒருமுறை கேட்டு, பொருத்தமான வடிவத்தைக் குறித்துவைத்துக்கொள்ளும். பிறகு மீண்டும் மீண்டும் கேட்பதில்லை. லினக்ஸின் குளிப்சி, பைத்தானின் நம்பை ஆகியவை இப்படித்தான் செயல்படுகின்றன.

வகுப்பறைச் செயல்பாடு

ஐந்து மாணவர்கள் 'செயலிகள்'. ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டை: சிலரிடம் 'கூட்டல்' மட்டும், சிலரிடம் 'கூட்டல், பெருக்கல்'. இன்னொரு மாணவர் 'நூலகம்'. அவரிடம் 25 × 4 என்ற கணக்கு இரு தாள்களில் இருக்கும்: ஒன்று 25 + 25 + 25 + 25, மற்றொன்று 25 × 4.

முதல் சுற்றில் நூலகம் யாரையும் கேட்காமல் பெருக்கல் தாளையே கொடுக்கட்டும். பெருக்கல் அட்டை இல்லாதவர் தாளைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட வேண்டும். இரண்டாம் சுற்றில் 'பெருக்கல் தெரியுமா?' என்று கேட்டுவிட்டுத் தாள் கொடுக்கட்டும். எல்லோருக்கும் 100 என்ற விடை வரும். படிகளின் எண்ணிக்கை மட்டும் வேறுபடும். மூன்றாம் சுற்றில் எழுதும் பலகை இல்லாத ஒரு 'பெருக்கல்' மாணவரைச் சேருங்கள். இயக்க அமைப்பின் பங்கு தானாக விளங்கும். தொடக்க வகுப்பிலும் இதை விளையாட்டாக நடத்தலாம்.

ஆய்வகத்தில் செய்ய வேண்டியது

லினக்ஸ் முனையத்தில் 'எல்எஸ்சிபியு' என்ற கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். 'ஃபிளாக்ஸ்' என்ற வரியில் அந்தச் செயலியின் திறன்கள் வரும். ஒவ்வொரு கணினிக்கும் ஏ.வி.எக்ஸ், ஏ.வி.எக்ஸ்-2 உண்டா இல்லையா என்பதை மாணவர்களே அட்டவணையாக எழுதட்டும். அதை இருப்புப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். புதிய மென்பொருளை நிறுவுமுன் அதன் தேவையை இந்த அட்டவணையோடு ஒப்பிடலாம். ஓடாத கணினிக்கு மென்பொருளின் பழைய பதிப்பையோ, பொதுவான கட்டளைகளை மட்டும் பயன்படுத்தும் பதிப்பையோ தேடலாம். ஒரு கணினியைக் கழிவுப் பட்டியலில் சேர்க்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிட்டால், இன்னும் சில ஆண்டுகள் மாணவர்களுக்குப் பயன்படக்கூடிய கணினி வீணாகாது.