நாற்றம் வயிற்றிலிருந்து வரவில்லை

பல் கட்டிக்கொண்டவர்களிடம் விசாரித்தால் என்ன பல், என்ன விலை, எத்தனை வருட வாரண்டி என்றுதான் சொல்வார்கள். அந்த விசாரிப்பால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நான் கட்டிய பல்லுக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. கழற்றுவதற்காக அறுத்த கீற்றைத் தவிர ஒரு சில்லுகூடப் பெயராமல் என் மேஜை டிராயரில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கிடக்கிறது. போனது அதைத் தாங்கி நின்ற என் சொந்தப் பல். இது யாருடைய பிழை என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை. என் கட்சியை இங்கே எழுதி வைக்கிறேன்.

கீழ்வரிசையில் இடதுபக்க முதல் கடைவாய்ப் பல் எனக்கு நாற்பது வயதுக்குள் போய்விட்டது. பலருக்கும் முதலில் போவது அதுதான். ஆறு வயதில், எந்தப் பால் பல்லும் விழாமல் வரிசையின் கடைசியில் தனியாக முளைக்கும். அதனால் அதையும் பால் பல் என்று நினைத்து வீட்டில் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். பிடுங்கிய இடத்தைச் சில வருடம் காலியாகவே வைத்திருந்தேன். ஏன் உடனே வரவில்லை என்று கேட்கிற டாக்டர்கள் படுத்த படுக்கையான மாமியாரையும் பிளஸ் டூ படிக்கும் பையனையும் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் ஆறு பீரியட் கணக்கு நடத்திப் பார்க்கட்டும். அந்த வருடங்களில் பின்பல் காலி இடத்தைப் பார்த்துச் சாய்ந்தது, மேல்பல் கொஞ்சம் கீழே இறங்கியது. இப்படி ஆகும் என்று பல்லைப் பிடுங்கியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கட்டலாம் என்று முடிவு செய்தபோது மூன்று வழி சொன்னார்கள். கழற்றி மாட்டுவது, இரண்டு பக்கத்துப் பல்லையும் சீவி பிரிட்ஜ் போடுவது, எலும்பில் ஸ்க்ரூ வைத்து இம்ப்ளாண்ட் செய்வது. என் நாத்தனார் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டவள். பிரானேமார்க் என்ற ஸ்வீடன்காரர் 1965லேயே அதை மனிதருக்கு வைத்துக் காட்டிவிட்டார் என்று யூடியூப் பார்த்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்தாள். “நல்லா இருக்குற ரெண்டு பல்லை எதுக்கு அண்ணி சீவணும்?” என்றாள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் என் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி அப்போது எட்டைத் தாண்டியிருந்தது. பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு முதல் வருடத்திலேயே வேகமாகக் கரைய ஆரம்பித்துவிடும்; எனக்குப் பல வருடம் ஆகியிருந்தது. எலும்புத்தூள் வைத்து, அது பிடிக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். பிரிட்ஜ் என்றால் இரண்டு வாரத்துக்குள் வேலை முடிந்துவிடும். அதைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. சரியாகக் கட்டி, சரியாகக் கவனித்தால் பத்து வருடத்துக்கு மேலும் சாப்பிடலாம். என் தலைமையாசிரியை சாப்பிடுகிறார், அதுவும் சீடை.

மற்றபடி எல்லாருக்கும் நடப்பதுதான் எனக்கும் நடந்தது. மரத்துப்போக ஊசி, சீவல், அளவு எடுத்தல், லேபில் இருந்து வருகிறவரை ஒரு தற்காலிகப் பல், பிறகு சிமெண்ட். வலி எல்லாம் ஒன்றும் பெரிதில்லை. கலர் பார்க்க வேண்டுமென்றால் சீவுவதற்கு முன்னால், ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து வெளுப்பாகத் தெரியும். கடைவாய்க்கு இதெல்லாம் வேண்டியதில்லை, யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? விலை கேட்கும்போது மட்டும் கவனம். ஒரு பல்லுக்கு இவ்வளவு என்பார்கள். நமக்கு இல்லாதது ஒரு பல், ஆனால் பில் மூன்று பல்லுக்கு வரும், ஏனென்றால் இரண்டு பக்கத்துப் பல்லுக்கும் கேப் உண்டு. மூன்றும் ஒரே துண்டாகச் செய்த சாமான்.

இந்த ஒரே துண்டு விஷயம்தான் என்னைக் கவிழ்த்தது.

எனக்கு முன்பக்க சப்போர்ட் பல் நல்ல பல். பின்பக்கம் இருந்ததோ ஏற்கெனவே ரூட் கனால் செய்து பாதிக்கு மேல் அடைத்துவைத்த பல். அதோடு சாய்ந்தும் இருந்தது. அதன் மேல்தான் பாதி பாரம் விழப்போகிறது. அந்த வேருக்குப் புதிதாக ஒரு எக்ஸ்ரே எடுத்திருக்க வேண்டாமா? டாக்டர் பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, “தாங்கும் டீச்சர்” என்றார். பிடுங்கிய பல்லின் வேர்ப்பரப்பைவிட சப்போர்ட் பற்களின் வேர்ப்பரப்பு குறையக்கூடாது என்று ஆன்டே என்பவர் 1926லேயே ஒரு கணக்கு சொல்லியிருக்கிறாராம். இப்போது யாரும் அதைச் சட்டமாகப் பிடித்துக்கொள்வதில்லை, ஆனாலும் பார்த்துவிட்டுத்தான் கட்டுவார்கள். இதை எனக்குச் சொன்னது இரண்டாவதாகப் பார்த்த டாக்டர். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கணக்கு டீச்சரிடம் முதலிலேயே ஒரு கணக்காகச் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும்.

தற்காலிக சிமெண்டில் சில நாள் ஒட்டிவைத்து, சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வரச் சொல்வது நல்ல பழக்கம். பல நேரம் அந்த சிமெண்டில் கிராம்பு எண்ணெய் வாசனை வரும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். எனக்கு முதல் நாளே நிரந்தர சிமெண்ட் போட்டு அனுப்பிவிட்டார். பரீட்சை டியூட்டி இருக்கிறது, சீக்கிரம் முடியுங்கள் என்று நான்தான் அவசரப்படுத்தினேனாம். நோயாளி என்றால் அவசரப்படத்தான் செய்வார், டாக்டர் யார்? இவருடைய மகளைப் பத்தாம் வகுப்பில் கணக்கில் கரையேற்றியவள் நான். அவளுக்கு ஒரு படியைக்கூடத் தாண்டிப்போக நான் விட்டதில்லை.

இரண்டு வருடம் போல ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் வாயில் ஒரு வாடை ஆரம்பித்தது. காலையில் மட்டும் இருந்தது, பிறகு எப்போதும் இருந்தது. ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலி மெல்ல மெல்லத் தள்ளிப்போனது. எந்த வேலையில் இருப்பவருக்கும் இது கஷ்டம்தான், முதல் பெஞ்சுக்கு எதிரே நின்று வாய் ஓயாமல் பேசுகிறவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். பல் கட்டிய டாக்டரிடமே போனேன். கண்ணாடி வைத்துப் பார்த்தார். “கேப் ஆடவே இல்லை, கேஸ் ட்ரபிளா இருக்கும்” என்றார். வீட்டில் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இஞ்சிச் சாறு, சீரகத் தண்ணீர், ராத்திரி மோரை நிறுத்து, வெங்காயத்தை நிறுத்து. கடைசியில் வயிற்று டாக்டரிடம் போய் எண்டோஸ்கோபியும் ஆயிற்று. வயிறு சுத்தமாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தபோது எனக்கு அழுகைதான் வந்தது.

நடந்தது இதுதான். பின்பக்க கேப்புக்குள் சிமெண்ட் கரைந்துபோயிருந்தது. தனி கேப்பாக இருந்தால் கழன்று கையோடு வந்திருக்கும், உடனே தெரிந்திருக்கும். பிரிட்ஜை முன்பல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததால் அது விழவில்லை. ஒவ்வொரு முறை மெல்லும்போதும் எச்சிலும் சோறும் உள்ளே போய்த் தங்கின. ரூட் கனால் செய்த பல்லில் நரம்பு கிடையாது, ஆகவே வலியும் கிடையாது. அதனால் அந்தப் பல்லுக்கு நாற்றத்தைத் தவிர வேறு வழியில் தன் கஷ்டத்தைச் சொல்லத் தெரியவில்லை.

கண்டுபிடித்தது செயற்கைப் பல் பிரிவில் எம்.டி.எஸ். முடித்த ஒரு சின்னப் பெண். எக்ஸ்ரேவுக்கு முன்பே பிரிட்ஜின் பின்முனையை விரலால் அழுத்தினாள். ஓரத்தில் சின்னச் சின்னதாக எச்சில் குமிழி கிளம்பியது. அவ்வளவுதான் பரிசோதனை. முன்னவருக்கும் விரல் இருந்தது. பிரிட்ஜை அறுத்து எடுத்தபோது உள்ளே பல் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி கருத்துச் சொதசொதவென்று இருந்தது. வேர் மட்டும் மிச்சம், அதையும் எடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே உங்கள் வாயில் பிரிட்ஜ் இருந்து, பல் தேய்த்தாலும் வாடை போகவில்லை என்றால் முதலில் இரண்டு முனையையும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே கண்ணாடி முன் நின்றும் பார்க்கலாம். ஒரு பக்கத்தில் மட்டும் உப்பாகவோ கசப்பாகவோ சுவை கசிகிறதா, இனிப்பு சாப்பிட்டால் கூசுகிறதா, கடிக்கும்போது துளி அசைகிறதா என்று கவனியுங்கள். வயிற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். “கேப் ஆடவில்லை” என்று யாராவது சொன்னால் எந்த முனையை ஆட்டிப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். எக்ஸ்ரேயையும் முழுதாக நம்பாதீர்கள். உலோகத்துக்கும், என் பிரிட்ஜைச் செய்த சிர்கோனியா என்ற பீங்கானுக்கும் அடியில் என்ன நடக்கிறது என்று படத்தில் தெரியாது, ஓரத்தில் மட்டும் தெரியும். ஆனாலும் வருடத்துக்கு ஒரு படம் எடுத்து வையுங்கள், பிரதியை வீட்டுக்கு வாங்கி வந்துவிடுங்கள். நான் பழைய படத்தைக் கேட்டபோது கம்ப்யூட்டர் மாற்றிவிட்டோம் என்றார்கள்.

வாரண்டி அட்டை பற்றியும் சொல்ல வேண்டும். தங்க எழுத்தில் அச்சடித்து, நம்பர் போட்டுக் கொடுத்தார்கள். சிர்கோனியா உடைந்தால் புதிது தருவார்களாம். அடியில் இருக்கும் பல் அழுகினால் அது கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத விஷயம். சிர்கோனியா உடையவில்லை. அட்டை பத்திரமாக இருக்கிறது.

நாத்தனார் கட்சிக்கு ஒரு வாதம் உண்டு: நான் அடியில் சுத்தம் செய்யவில்லையாம். உண்மையில் பிரிட்ஜுக்கு அடியில், போலிப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே, தினமும் நூல் விட வேண்டும். மூன்று பல்லும் ஒட்டியிருப்பதால் சாதாரண ஃப்ளாஸ் மேலிருந்து இறங்காது. ஊசி போன்ற பிளாஸ்டிக் வளையத்தில் நூலைக் கோத்துப் பக்கவாட்டில் நுழைத்து இழுக்க வேண்டும். முனை விறைப்பாக இருக்கும் சூப்பர் ஃப்ளாஸ் என்றும் கிடைக்கிறது. பல்லிடுக்கு பிரஷ் இன்னும் சுலபம். இவ்வளவும் எனக்கு இப்போது தெரியும். பணம் வாங்கியவர் அன்றைக்குக் கையில் கண்ணாடியைக் கொடுத்து ஐந்து நிமிடம் காட்டியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்கு முன்னால் செய்துகாட்டச் சொல்லுங்கள். காட்டாதவரிடம் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கடி சரிபார்க்கும் கலர் பேப்பரையும் படுத்தபடி கடிக்காதீர்கள், நிமிர்ந்து உட்கார்ந்து கடியுங்கள்.

சென்னையில் இருப்பவர்கள் அவசரமில்லாவிட்டால் கோட்டை ரயில் நிலையம் பக்கம் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். மாணவர்கள்தான் செய்வார்கள், நாலு தடவை அலைய விடுவார்கள், ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் பேராசிரியர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்தது. மே மாதம் லீவில் போட்டுக்கொள்ளுங்கள், பரீட்சை டியூட்டி தொந்தரவும் இருக்காது.

எனக்குப் பின்னால் ஞானப்பல் இல்லை. ஆகவே பின்பக்கம் சப்போர்ட்டுக்கு ஆளில்லை, இனி அந்தப் பக்கம் பிரிட்ஜ் கட்ட முடியாது. கழற்றி மாட்டும் பல்தான் வாங்கியிருக்கிறேன், உலோகச் சட்டம் போட்டது. ராத்திரி தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்குகிறேன். “இப்பவாவது ஸ்க்ரூ வச்சுக்கோங்க அண்ணி” என்று நாத்தனார் போன் செய்கிறாள். சர்க்கரை ஏழுக்குக் கீழே வரட்டும், எலும்பை ஸ்கேன் எடுத்துப் பார்க்கட்டும், அதற்குப் பிறகு நானே யோசித்துக்கொள்கிறேன். அவள் டாக்டரிடம் மட்டும் போகமாட்டேன்.