இரு தந்தையரும் ஒரு நாவலும்

துன்பம் மனிதரை ஒன்றுபடுத்தும் என்பர் சிலர். பிரித்துவைக்கும் என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் உண்மையே. ஒரே சாவு ஒரு குடும்பத்தாரை ஒருங்கு கூட்டுவதும், மற்றொரு குடும்பத்தாரோடு தீராப் பகையை மூட்டுவதும் உலகியலில் நாம் காண்பனவாம். ஆகவே, பகைத்து நிற்கும் இரு இனத்தவர் மக்களைப் பறிகொடுத்த துயரத்தினிடையே நண்பராய் நிலைத்தல் கூடுமோ என்னும் வினா ஆராய்தற்குரியது. அயர்லாந்திற் பிறந்த கொலம் மெக்கான் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அபைரோகன்’ என்னும் நாவலைத் துணைக்கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

கதை நிகழும் இடங்கள், வேதபாட வகுப்பில் நாம் பெயரளவில் அறிந்த எருசலேமும் எரிகோவும் பெத்லகேமைச் சார்ந்த ஊர்களுமாம். தலைமை மாந்தர் இருவரும் கற்பனையாற் பிறந்தவரல்லர். ராமி எல்கனான் என்பவர் இஸ்ரேலிய யூதர். 1973-ஆம் ஆண்டுப் போரில் ஈடுபட்டவர். அவருடைய மகள் ஸ்மதார், 1997-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி எருசலேமின் பென் யெகூதா வீதியில், பலஸ்தீனர் தம் உடலிற் கட்டிவந்து வெடித்த குண்டுகளால் மாண்டாள். அவளுக்கு வயது 13. பஸ்ஸாம் அரமீன் என்பவர் பலஸ்தீன முஸ்லிம். 17 வயதிற் சிறைபுகுந்து ஏழாண்டு கழித்தவர். அவருடைய மகள் அபீர், 2007-ஆம் ஆண்டு ஜனவரியில், பள்ளிக்கு அருகே எல்லைக் காவலன் சுட்ட ரப்பர்க் குண்டு தலையிற்பட்டு மாண்டாள். அவளுக்கு வயது 10.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அபீர் இறந்தபின்பு இவர்கள் நண்பரானாரல்லர். 2005-ஆம் ஆண்டிலேயே ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். எனவே, பின் வந்த துயரம் நட்பைப் பிறப்பித்ததன்று. முன்னிருந்த நட்பைச் சோதித்ததாகும். பஸ்ஸாம் சிறையில் யூதப் படுகொலையைப்பற்றிய திரைப்படமொன்றைக் கண்டு உள்ளங் கலங்கினார். பிற்காலத்தில் இங்கிலாந்து சென்று பிராட்போர்டு பல்கலைக்கழகத்தில் அதனையே முறையாகப் பயின்றார். ராமியின் தந்தையோ அப்படுகொலைக்குத் தப்பியவர். பகைவனது துயரத்தின் வரலாற்றைக் கற்றல் நட்பிற்கு அடிப்படையாதல் இதனால் விளங்கும்.

இனி நாவலின் அமைப்பை நோக்குவோம். அபைரோகன் என்பது எண்ணிறந்த பக்கங்களையுடைய ஓர் உருவம். நூலின் பகுதிகள் 1 முதல் 500 வரை ஏறி, நடுவில் 1001 என்னும் ஒரு பகுதியைக் கடந்து, மீண்டும் 500 முதல் 1 வரை இறங்குகின்றன. பறவைகள் வலசை போதலும், குண்டு செய்யும் விதமும், கணிதமும், பழங்கதைகளும் இடையிடையே வருகின்றன. நடுவிலுள்ள இரண்டு 500-களிலும் தந்தையர் இருவரும் தத்தம் மகளின் சாவைத் தாமே உரைக்கின்றனர். ஆயிரத்தொரு இரவுகளில் கதைசொல்லல் சாவைத் தள்ளிவைத்தது. இவர்களோ வந்துவிட்ட சாவைப் பல ஊர்களிலும் திரும்பத் திரும்பச் சொல்லி, இன்னொரு சாவைத் தடுக்க முயல்கின்றனர்.

இருவர் துயரையும் இணையாக வைத்தலால், ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் உள்ள ஏற்றத்தாழ்வு மறைந்துவிடாதோ எனச் சிலர் தடை நிகழ்த்தினர். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. கண்ணீர் ஒன்றாயினும் வழி ஒன்றன்று. ராமி தடையின்றிச் செல்லும் பாதையில் பஸ்ஸாம் சோதனைச் சாவடிகளிற் காத்திருத்தல் வேண்டும். ஆயினும் நாவலாசிரியர் அதனை மறைத்தாரில்லை; சாவடி, சுவர், அனுமதிச் சீட்டு ஆகியவற்றை விடாது காட்டுகின்றார். ராமியும் தம் நாட்டார் பிறரை அடக்கியாள்வது ஒழிதல் வேண்டுமென வெளிப்படையாகவே பேசிவருபவர். நண்பன்பொருட்டுத் தன்னினத்தார் தவற்றைத் தன்னினத்தார்முன் எடுத்துரைத்தலே இத்தகைய நட்பின் அளவுகோல் என்பது நம் கருத்து. அது செய்யாத இரக்கம் எளிது, பயனும் சிறிது.

நட்பு அந்நாட்டுப் போரை நிறுத்தவில்லை. 2023-ஆம் ஆண்டு அக்டோபருக்குப் பின் இருபுறத்தும் மாண்ட குழந்தைகளை எண்ணுங்கால் நெஞ்சம் நடுங்குகின்றது. எனினும், பழிவாங்குதலே இழந்தோர்க்குரிய ஒரே வழி என்பாரை மறுக்க இவ்விருவர் வாழ்வு போதிய சான்றாம். மாணாக்கர் இந்நூலைப் படிக்கும்போது, எவர் சார்பு சரி என்று மட்டும் ஆராயாது, எதிர்ச்சார்பினர் இழந்த பிள்ளையின் பெயரையும் வயதையும் தாம் அறிவரோ என்று தம்மையே வினவிக்கொள்வாராக.