பழைய பூட்டும் புதுச் சாவியும்

பத்து வருடத்துக்கு முன் ட்ரூகிரிப்ட் போட்டுப் பூட்டிய பென்டிரைவ் ஒன்று இருக்கிறது. அந்த மென்பொருளில் ஓட்டை என்கிறார்களே, உள்ளே இருக்கும் பத்திரங்கள் அம்போதானா?

பதறாதீர்கள், பத்திரங்கள் பத்திரமாகவே இருக்கின்றன. பென்டிரைவைவிட, ட்ரூகிரிப்டை நிறுவியிருக்கும் கணினிக்குத்தான் ஆபத்து.

2014 மே மாதம் ட்ரூகிரிப்டை எழுதியவர்கள், 'சரிசெய்யப்படாத குறைகள் இருக்கலாம்' என்று எச்சரித்துவிட்டுக் கடையைக் கட்டினார்கள். உளவுத்துறைக்குக் கள்ளக் கதவு வைத்திருப்பார்களோ என்று ஊரே கிசுகிசுத்தது. 2015 ஏப்ரலில் முடிந்த தணிக்கையில் அப்படி எதுவும் சிக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான புராஜெக்ட் ஜீரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபோர்ஷா, விண்டோஸுக்கான ட்ரூகிரிப்ட் டிரைவரில் இரண்டு ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். டிரைவ் எழுத்துகளைக் கையாளும் இடத்தில் ஒன்று. அதன் வழியாக, கணினிக்குள் ஏற்கெனவே நுழைந்த ஒரு சாதாரண நிரல் அட்மின் அதிகாரத்தைப் பறித்துக்கொள்ளலாம். உங்கள் பாஸ்வேர்டை அது உடைப்பதில்லை. பூட்டுக்காக நிறுவிய மென்பொருளே திருடனுக்கு ஏணி போட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான்!

ட்ரூகிரிப்டின் வாரிசான வெராகிரிப்ட் 1.15 பதிப்பிலேயே இரண்டையும் அடைத்துவிட்டது. நீங்கள் தேட வேண்டியது 1.25.9 பதிப்பை; பழைய ட்ரூகிரிப்ட் கோப்புகளைத் திறக்கும் வசதி 1.26 வரிசையில் நீக்கப்பட்டுவிட்டது. பாஸ்வேர்ட் கேட்கும் பெட்டியில் 'ட்ரூகிரிப்ட் மோட்' என்பதை டிக் செய்து திறந்து, எல்லாவற்றையும் புதிய வெராகிரிப்ட் பெட்டகத்துக்கு மாற்றுங்கள். அது திறக்கிறதா என்று பார்த்த பிறகு, கணினியிலிருந்து ட்ரூகிரிப்டை நீக்கிவிடுங்கள்.