தடம் இல்லாத தோட்டம்

அன்புள்ள வாசகருக்கு,

கோபிச்செட்டிபாளையம் பக்கம் மூன்று ஏக்கர் தோட்டம் மலிவாக வருகிறது, ஆனால் சாலைக்கும் அதற்கும் நடுவே வேறொருவர் வயல் கிடக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "இத்தனை வருசமா அந்த வழியாத்தான் போறோம், பக்கத்துக் காட்டுக்காரர் ஒண்ணும் சொல்லமாட்டார்" என்று விற்பவர் சொன்னாராம். எனக்குக் கவலை தருவதே அந்தப் பேச்சுதான்.

நீங்கள் போய்ப் பார்த்தது கோடையில். அறுப்பு முடிந்து வெறுமனே கிடந்த வயலில் கார் ஓடியிருக்கும். வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் அங்கே நாற்று நடுவார்கள். பிறகு வரப்புதான் வழி. போர் போடும் லாரியோ கரும்பு ஏற்றும் லாரியோ உள்ளே வராது. அந்த வயல்காரர் விட்டாலும், நாளை அவர் வயலை வாங்குகிறவர் கம்பிவேலி போட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, தனியார் நிலத்தில் 20 ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு போய்வந்தால் பாத்தியம் உண்டு. தயவில் போன வழி எத்தனை ஆண்டானாலும் பாத்தியம் ஆகாது. 'ஒண்ணும் சொல்லமாட்டார்' என்பது தயவைத்தானே காட்டுகிறது? அவசியத்துக்காகக் கிடைக்கும் பாதை ஒன்றும் சட்டத்தில் உண்டு. ஆனால் இரண்டு நிலமும் முன்பு ஒரே கையில் இருந்து, பாகம் பிரித்தபோதோ விற்றபோதோ வழியடைபட்டிருந்தால் மட்டுமே அதைக் கேட்கமுடியும். ஆகவே தாய்ப்பத்திரங்களைப் பின்னோக்கிப் படியுங்கள். இரு தரப்பின் முன்னோர்களும் கையெழுத்திட்ட பாகப்பத்திரத்தில் வண்டித்தடம் எழுதியிருந்தால் அது பெரிய பலம். விற்பவர் மட்டும் தன் கிரயப்பத்திரத்தில் 'மாமூல் தடப் பாத்தியம் சகிதம்' என்று சேர்த்துக் கொடுப்பதை நம்பாதீர்கள். அடுத்தவர் நிலத்தில் உரிமை கொடுக்க அவர் யார்?

புலப்படத்தையும் கிராம வரைபடத்தையும் பாருங்கள். அவற்றில் வண்டிப்பாதை இருந்து, அ-பதிவேட்டிலும் அது புறம்போக்கு என்றிருந்தால் உங்கள் கவலை பாதி தீர்ந்தது. யாராவது உழுது சேர்த்துக்கொண்டிருந்தால் வட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

அப்படி எதுவும் இல்லையென்றால் வயல்காரரிடமே பேசுங்கள். தடத்துக்கு வேண்டிய நிலத்தை விலைக்கு வாங்குவதே நல்லது. அவர் விற்க மறுத்தால், பணம் கொடுத்துப் பாதைப் பாத்தியப் பத்திரம் பதிவு செய்துகொள்ளுங்கள். புல எண், அகலம், லாரி போகும் உரிமை, தண்ணீர்க் குழாய், மின்கம்பி எல்லாம் அதில் வரவேண்டும். சர்வேயர் அளந்த வரைபடமும் இணைந்திருக்கட்டும். கூட்டுப்பட்டா என்றால் பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்திடவேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் வழக்குக்கு இடமாகிவிடும்.

இந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தபிறகும் விலை மலிவாகத் தெரிந்தால் வாங்குங்கள். தடம் பதிவாகும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் அந்தத் தோட்டத்தை விட்டுவிடுங்கள்.