வழக்கமும் நிகழ்ச்சியும்

திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் அமைத்து, பெருமானுக்கு நாள்தோறும் மாலை தொடுத்து அளிப்பார். அவர்தம் மகள் கோதை, அம்மாலையைத் தந்தை அறியாமல் தானே சூடி அழகு பார்ப்பாள். ஒருநாள் தந்தை அதனைக் கண்டார். இது வழிவழி வழங்கும் வரலாறு.

மாணவர்களே! இவை யாவும் முற்காலத்து நிகழ்ந்தனவே. எனினும், ‘கண்டார்’ என்பது ஒன்றே இறந்தகால வடிவில் உளது. ‘அளிப்பார்’, ‘பார்ப்பாள்’ என்பன எதிர்கால வடிவின. காரணம் யாது? தந்தை கண்டது ஒருமுறை நிகழ்ந்து முடிந்த செயல். மகள் சூடியதோ நாள்தோறும் தொடர்ந்த வழக்கம். இங்ஙனம் இயல்பு பற்றிக் காலம் மாறி வருதலை நன்னூலார் வழுவமைதியாகக் கொள்வர். ‘சூடினாள், கண்டார்’ என்று மட்டும் எழுதினால், தந்தை பன்னாள் அறியாதிருந்தார் என்னும் கதையின் உயிர்நிலையே மறைந்துவிடும்.

தொடர்ச்சியை உணர்த்தத் துணைவினையும் உதவும். 1949 முதல் 1952 வரை சென்னை மாநில ஆட்சித் தலைமை ஏற்றிருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா, இராசபாளையத்தில் தாம் வாழ்ந்துவந்த இல்லத்தைக் காந்தி கலை மன்றத்திற்கு அளித்தார். ‘வாழ்ந்துவந்த’ என்பது தொடர்ச்சி. ‘அளித்தார்’ என்பது முடிந்த செயல்.

பிரெஞ்சு மொழியில் இவ்வேறுபாட்டிற்கெனத் தனித்தனிக் கால வடிவங்களே உள்ளன. 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நிலவிய புதுச்சேரியில் இன்றும் அம்மொழி பயிற்றப்படுகின்றது. வழக்கத்தையும் தொடர்ச்சியையும் உணர்த்தும் வடிவிற்கு அவர்கள் இட்ட பெயரின் பொருள், ‘முற்றுப்பெறாதது’ என்பதாம்.

அதனை ஆக்கும் முறை எளிது. ‘நூ போர்த்தோன்’ என்றால் ‘நாம் அணிகிறோம்’ என்பது பொருள். இதில் ‘ஓன்’ என்னும் ஈற்றை நீக்கினால் ‘போர்த்’ என்னும் அடி கிடைக்கும். அதனோடு நான், நீ, அவன், அவள், அவர்கள் என்னும் இடங்களில் ‘எ’ என ஒலிக்கும் ஈறுகளும், ‘நாம்’ என்பதற்கு ‘யோன்’, ‘நீவிர்’ என்பதற்கு ‘யே’ என்பனவும் சேரும். ‘எ’ என ஒலிப்பவை எழுத்தில் வேறுபடும்.

‘எல் போர்த்தெ’ எனின், அவள் வழக்கமாக அணிவாள் என்பது பொருள். ‘எல் ஆ போர்த்தே’ எனின், அவள் அணிந்தாள் என்று செயல் முடிந்துவிடும். ‘முடிக்கிறோம்’ எனப் பொருள்படும் ‘நூ ஃபினிசோன்’ என்பதினின்று ‘எல் ஃபினிசெ’ என்பதும் இவ்வாறே பிறக்கும். ‘இரு’ என்னும் பொருளுடைய வினை ஒன்றே இவ்விதிக்கு விலக்காகும்.

ஆகவே, மாணவர்களே! முன்னோர் வாழ்வை எழுதப் புகும்போது, அவர் நாள்தோறும் செய்தது எது, ஒருநாள் செய்தது எது என்று தெளிந்து வினைமுற்றைத் தேர்க. அத்தெளிவு இல்லையெனின், ஒருவர் வாழ்நாளெல்லாம் போற்றிய ஒழுக்கமும் ஒருநாட் செயலாகச் சுருங்கிவிடும்.