ஓ.எம்.ஜி. கைப்பேசிக்குப் பிறந்ததல்ல

'ஓ.எம்.ஜி.' குறுஞ்செய்திக் காலத்துப் பிள்ளைகளின் கண்டுபிடிப்பு என்று நம்மில் பெரும்பாலோர் உறுதியாக நம்புகிறோம். 1917 செப்டம்பரில் பிரிட்டிஷ் கடற்படையின் முன்னாள் தளபதி ஃபிஷர் பிரபு வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே இந்த மூன்றெழுத்து இருக்கிறது. 'ஓ மை காட்' என்ற விரிவையும் அவரே பக்கத்தில் எழுதிவைத்தார். அப்போது அவருக்கு வயது 76. இளசுகள் மொழியைக் கெடுத்துவிட்டதாகப் புலம்புகிறவர்கள் முதலில் இந்தக் கிழவரைத்தான் கண்டிக்க வேண்டும். 2011-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அதைச் சேர்த்துக்கொண்ட செய்தி ஊரெல்லாம் பரவியது. அகராதி காட்டிய அந்தப் பழைய கடிதம் அந்த அளவுக்குப் பரவவில்லை. பதிவான ஆண்டையே பிறந்த ஆண்டாக எடுத்துக்கொண்டோம்.

'வாவ்' அமெரிக்கச் சரக்கு என்பதும் இதே ரகம். 16-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து எழுத்திலேயே அது உண்டு.

'வாட் த டிக்கன்ஸ்' என்ற ஆங்கில வியப்புத் தொடர் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் பெயரால் வந்ததாம். அவர் பிறந்தது 1812-இல். 1616-இல் மறைந்த ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் அந்தத் தொடர் வருகிறது. அங்கே 'டிக்கன்ஸ்' சாத்தானுக்கு இடப்பட்ட மறைபெயர். தெரிந்த பெயர் ஒன்று கண்ணில் பட்டதும் விசாரிப்பதை நிறுத்திவிடுகிறோம்.

எல்லாவற்றிலும் பிடிவாதமான நம்பிக்கை, 'காஷ்', 'ஜீ', 'பிளைமி' போன்ற ஆங்கில வியப்புச் சொற்கள் எல்லாம் பொருளற்ற வெறும் சத்தம் என்பது. கடவுளின் பெயரை வீணாக உச்சரிக்கக் கூடாது என்பது விவிலியக் கட்டளை. இங்கிலாந்தில் 1606-இல் வந்த சட்டம், மேடையில் அப்பெயரை விளையாட்டாகச் சொன்னால் 10 பவுண்டு அபராதம் என்றது. அச்சம் ஒருபுறம், வாயில் வரும் வார்த்தை மறுபுறம். நடுவில் மக்கள் ஒலியைத் திரித்துக்கொண்டார்கள். 'காட்' என்பதன் திரிபு 'காஷ்'. 'ஜீசஸ்' என்பதன் தலைப்பகுதி 'ஜீ'. 'கடவுள் என் கண்ணைக் குருடாக்கட்டும்' என்ற ஆணையின் தேய்வு 'பிளைமி'. இரவில் பாம்பைப் 'பூச்சி' என்று சொல்லும் நமக்கு இது புரியாத சங்கதியல்ல. ஆனால் நாம் இச்சொற்களைத் திரைப்படத்திலிருந்து எடுக்கிறோம். அங்கே தொனி கிடைக்கிறது, எடை கிடைப்பதில்லை. அகராதியும் பல சமயம் 'வியப்புச் சொல்' என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறது. விளைவு, தேவாலயத்துக்குத் தவறாமல் போகும் ஒரு பெரியவர் முன்னால் 'ஜீசஸ்!' என்று நாகரிகமாகக் கூவிவிட்டு, அவர் முகம் ஏன் சுருங்கியது என்று தெரியாமல் விழிக்கிறோம். அந்தப் பெயரைப் பாதியில் விழுங்கி 'ஜீ' என்று நிறுத்திக்கொண்டவர்கள் காரணமில்லாமல் விழுங்கவில்லை.